காற்றுக்கும் கதிரவனுக்கும் இடம் தேடுதல்



காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் மின்சாரம் எடுக்கலாமா, கூடாதா என்ற விவாதத்துக்காக நான் இந்த மேடைக்கு வரவில்லை. எடுக்கத்தான் வேண்டும். நிலக்கரியை வெட்டி வெட்டி எரித்து வானத்தைப் புகையால் நிரப்பிய காலம் போதும் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. நான் பேச வந்தது அதற்கு அடுத்த கேள்வியைப் பற்றி. எங்கே? காற்றாலையை எங்கே நடுவது? சூரிய ஒளித் தகடுகளை எங்கே விரிப்பது? இந்த ‘எங்கே’ என்ற ஒரு கேள்விக்கு விடை தேடுவதற்காக, செயற்கைக்கோள் எடுத்த படங்களையும் நிலத்தில் நின்று அளந்த அளவுகளையும் கணினிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும் ஓர் அற்புதமான சாதனத்தை நம் காலத்து விஞ்ஞானம் தந்திருக்கிறது. புவியியல் தகவல் முறை என்று அதைச் சொல்கிறார்கள். அதன் சக்தி பெரிது. அதன் கண்ணில் படாத விஷயங்களும் உண்டு. இரண்டையும் சொல்ல உத்தேசம்.

முதலில் நம் ஊர்க் காற்றிலிருந்து தொடங்குவோம். ஆனி பிறந்து ஆவணி முடியும் வரையில், அரபிக் கடலிலிருந்து புறப்பட்டு வரும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலை என்னும் நெடுஞ்சுவரில் மோதி, கொண்டுவந்த மழையில் பெரும்பகுதியை மலையாளக் கரையிலேயே கொட்டிவிட்டு, சுவரில் எங்கே இடைவெளி கிடைக்கிறதோ அங்கே, மதகு திறந்தவுடன் பாயும் வாய்க்கால் நீரைப் போலச் சீறிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறது. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து உடுமலைக்கும் பல்லடத்துக்கும் தாராபுரத்துக்கும் வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் வழியாக ஆண்டிபட்டிக்கு வருகிறது. செங்கோட்டைக் கணவாயின் வழியாகத் தென்காசிக்கும் கயத்தாற்றுக்கும், ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியாக முப்பந்தலுக்கும் வருகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிவைத்த நம் முன்னோருக்கு இதெல்லாம் தெரியாததா? நன்றாகத் தெரியும். ஆனால் காற்று அடிக்கிறது என்று தெரிவது ஒன்று. எவ்வளவு அடிக்கிறது என்று தெரிவது வேறு.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? காற்றின் வேகம் கூடினால் அதிலிருந்து கிடைக்கும் சக்தி அதே விகிதத்தில் கூடுவதில்லை. வேகத்தின் கன மடங்காகக் கூடுகிறது. விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றில் 125 பங்கு சக்தி என்று வைத்துக்கொண்டால், 6 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றில் 216 பங்கு இருக்கிறது. கன்னத்தில் படும்போது இரண்டு காற்றுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆயினும் ஒன்றில் வைத்த முதல் திரும்பி வரும். மற்றொன்றில் கடன்தான் மிஞ்சும். ஆகவே அளவு வேண்டும். கம்பம் நட்டு, கருவி மாட்டி, பல பருவங்கள் காத்திருந்து குறித்த அளவு வேண்டும்.

அந்த அளவுக்காகத் தம் ஆயுளைச் செலவிட்ட ஒரு பெண்மணியை இந்தச் சபையில் நினைக்காமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. பீர்மேட்டில் 1918-ஆம் ஆண்டு பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்து, பின்னர் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்த அன்னா மணி அவர்கள், இந்த நாட்டில் எந்த ஊரில் எவ்வளவு வெயில் விழுகிறது என்ற கணக்கைத் திரட்டி 1980-ஆம் ஆண்டில் ஒரு கைந்நூலாகவே வெளியிட்டார். பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஓயவில்லை. காற்றின் கணக்கை எடுக்கத் தொடங்கினார். இன்று கணினித் திரையில் வண்ண வண்ணமாகத் தெரியும் காற்று வரைபடங்களின் அடியில், அவரைப் போன்றவர்கள் கம்பத்தடியில் நின்று சேர்த்த எண்கள் இருக்கின்றன.

கணக்கு முழுமையாக வருவதற்கு முன்னரே வேலை தொடங்கிவிட்டது என்பதும் சரித்திரம். 1986-ஆம் ஆண்டில் தூத்துக்குடிக் கடலோரத்தில் சோதனைக்காகக் காற்றாலைகள் எழுந்தன. அடுத்த பத்தாண்டில் முப்பந்தலும் அதைச் சுற்றிய ஊர்களும் காற்றாலைக் காடாயின. அக்காலத்து இயந்திரங்கள் 225, 250 கிலோவாட் என்ற அளவில் இருந்தன. அவற்றின் சுழலியின் விட்டம் முப்பது மீட்டருக்குச் சற்று முன்பின்னாக இருந்தது. இன்றைய இயந்திரம் ஒன்று அவற்றில் பத்துக்கு மேற்பட்டவை செய்யும் வேலையைச் செய்கிறது. அதன் சுழலி நூற்று நாற்பது மீட்டருக்கு அகன்று நிற்கிறது. விளைவு என்ன? நாட்டிலேயே சிறந்த காற்று வீசும் இடங்களில் மிகப் பழைய, மிகச் சிறிய இயந்திரங்கள் நெருக்கமாக நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றை அகற்றிப் பெரியவற்றை நடலாம் என்றால், ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துண்டு நிலம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மின் இணைப்பு ஒப்பந்தம். இடத்தைத் தீர யோசிக்காமல் பிடித்துவிட்டால் பிறகு மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதைவிட வேறு பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டியதில்லை.

சூரிய ஒளியின் விஷயத்திலும் அப்படித்தான். வெயில் சுட்டெரிக்கும் இடமே சூரிய மின்சாரத்துக்கு உத்தமமான இடம் என்று நாம் நினைக்கிறோம். வெளிச்சம் வேண்டியதுதான், சூடு வேண்டாத சரக்கு. தகடு 25 டிகிரிக்கு மேல் சூடாக ஆக, ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் உற்பத்தி நூற்றுக்கு அரை பங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்கிக்கொண்டே போகும். குளிர்ந்த லடாக்கின் வெயிலுக்கு அதனால்தான் அவ்வளவு மதிப்பு.

இனி, வரைபடம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். கணினியில் நிலக் கணக்கை ஏற்றும் முயற்சி 1960-களில் கனடா தேசத்தில் ரோஜர் டாம்லின்ஸன் என்பவரால் தொடங்கப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில், கணினி இல்லாமலே, இயான் மெக்ஹார்க் என்ற நில வடிவமைப்பு நிபுணர் மிக அழகான ஒரு காரியம் செய்தார். நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவில் ஒரு நெடுஞ்சாலை போட வேண்டும். எந்த வழியாகப் போடுவது? அவர் ஊடுருவித் தெரியும் தாள்களை எடுத்துக்கொண்டார். சரிவுக்கு ஒரு தாள், நீரோட்டத்துக்கு ஒரு தாள், காட்டுக்கு ஒன்று, விலங்குகளுக்கு ஒன்று, மக்கள் குடியிருப்புக்கு ஒன்று, பழைய சரித்திரச் சின்னங்களுக்கு ஒன்று. எங்கே மதிப்பு அதிகமோ அங்கே கருமையாகத் தீட்டினார். எல்லாத் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, எங்கே வெளுப்பாக இருந்ததோ அங்கே சாலை போனால் சேதம் குறைவு என்று கண்டார். 1969-இல் வந்த அவருடைய நூலில் இந்த முறை விளக்கப்பட்டிருக்கிறது. மனிதரின் குடியிருப்புக்கும் நினைவுக்கும் அவர் அன்றே தனித் தாள் வைத்தார் என்பதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அது தேவைப்படும்.

இன்று அந்தத் தாள்கள் கணினிக்குள் போய்விட்டன. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் எண்டெவர் என்ற விண்ணோடம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி, ரேடார் கதிர்களால் நிலப்பரப்பின் பெரும்பகுதிக்கு மேடு பள்ளம் அளந்து கொடுத்தது. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் சேர்ந்து, உலகம் முழுவதையும் 250 மீட்டர்க் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்றின் வேகத்தைக் கணக்கிட்டு, எவரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கின்றன. நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்று சக்தி நிறுவனம் நாட்டுக்கான காற்று வரைபடங்களைத் தயாரிக்கிறது. நிலம் எப்படிப் பயன்படுகிறது என்று நம் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்கள் பார்த்துச் சொல்கின்றன.

ஒரே ஒரு கட்டத்தை எடுத்து அருகில் வைத்துப் பார்ப்போமா? முப்பது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம். நம் கணக்கில் ஏறக்குறைய 22 சென்ட். அந்த 22 சென்ட் நிலத்தை நோக்கிக் கணினி வரிசையாகக் கேள்வி கேட்கிறது. நீ காட்டுக்குள் இருக்கிறாயா? ஆம் என்றால் தள்ளிவிடு. ஏரிக்குள் இருக்கிறாயா? தள்ளிவிடு. வீட்டுக்கு மிக அருகில் இருக்கிறாயா? சரிவு மிகச் செங்குத்தா? விமான நிலையம் பக்கத்திலா? தள்ளு, தள்ளு, தள்ளு. மிஞ்சிய கட்டங்களுக்கு மதிப்பெண் போடுகிறது. துணை மின்நிலையம் எவ்வளவு தூரம்? சுழலியின் நீண்ட இறக்கையை ஏற்றிவரும் லாரி திரும்புவதற்கு வளைவில் இடமுள்ள சாலை எவ்வளவு தூரம்? காற்று எவ்வளவு, வெயில் எவ்வளவு? எல்லாவற்றையும் கூட்டிக் கடைசியில் ஒரு நிறம் தீட்டுகிறது. பச்சை என்றால் தகுதி. சிவப்பு என்றால் தகுதியில்லை. ஒரு மாவட்டத்தில் பல லட்சம் கட்டங்கள். மனிதர் கால்நடையாகச் சென்று பார்த்தால் தலைமுறைகள் ஆகும் வேலையை ஒரு பிற்பகலில் அது முடித்துவிடுகிறது. இதை வியக்காமல் இருக்க முடியுமா?

ஆனால், நண்பர்களே, காற்றுக்கு எவ்வளவு மதிப்பெண், மின்கம்பிக்கு எவ்வளவு, விளைநிலத்துக்கு எவ்வளவு என்று முடிவு செய்தது கணினியா? இல்லை. மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் செய்தார். மின்நிலையத்தின் அருகாமைக்குப் பத்து மதிப்பெண் கூட்டினால் பச்சை நிறம் ஒரு தாலுகாவை விட்டு இன்னொரு தாலுகாவுக்கு நகர்ந்து போகும். திரையில் நிறம் வந்தவுடன், அது ஏதோ இயற்கையே சொன்ன தீர்ப்பு போல நமக்குத் தோன்றுகிறது. எந்த வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினாலும், ‘ஐயா, மதிப்பெண் போட்டவர் யார்? எவ்வளவு போட்டார்? எதற்காகப் போட்டார்?’ என்று நாம் கேட்க வேண்டும். அந்த மூன்று விடைகளும் வரைபடத்தின் ஓரத்திலேயே அச்சிடப்பட வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதைவிட முக்கியமான விஷயத்துக்கு இப்போது வருகிறேன். இராமநாதபுரத்துச் சீமைக்கு என்னோடு வாருங்கள். கமுதிப் பக்கத்தில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஒன்று 2016-இலிருந்து இயங்கி வருகிறது. சுமார் 2,500 ஏக்கர். சரிவே இல்லாத சமதரை, வருஷம் முழுவதும் வெயில், ஜன நெருக்கம் குறைவு. கணினியைக் கேட்டால் அந்தச் சீமை முழுவதையும் பச்சையாகத் தீட்டிவிடும். ஆனால் அந்தப் படத்தைச் செயற்கைக்கோள் எந்த மாதத்தில் எடுத்தது? மேகம் இல்லாத வைகாசியில் எடுத்திருந்தால், வெறும் கட்டாந்தரைதான் தெரியும். அதே நிலத்தை மார்கழியில் போய்ப் பாருங்கள். ஐப்பசி மழையை நம்பி விதைத்த நெல் நிற்கும். நெல் அறுத்த ஈரத்தில் சில இடங்களில் பருத்தி நிற்கும். தை, மாசியில் முண்டு மிளகாய் பழுக்கும். வைகாசியில் பார்த்துத் தரிசு என்றும், மார்கழியில் பார்த்து நஞ்சை என்றும் சொல்லத்தக்க ஒரே நிலம் அது. எந்த மாதத்துப் படத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவது?

சரி, பயிரே இல்லாத இடம் ஒன்று இருக்கிறது. சீமைக்கருவேல் முளைத்துப் புதராகக் கிடக்கிறது. அதையாவது எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? அங்கேதான் ஒரு குடும்பம் கருவேல் வெட்டி, அடுக்கி, மண் பூசி, கரிமூட்டம் போட்டு வயிறு வளர்க்கிறது. அங்கேதான் கீதாரி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருகிறார். கோடையில் கிடை போட இடம் தேடி ஊர் ஊராக அலையும் அவருக்கு அந்தப் புதர்தான் வழித்தங்கல். அவருக்குப் பட்டா இல்லை. வரைபடத்தில் அவருக்கு ஒரு புள்ளியும் இல்லை. வருவாய்த் துறையின் பழைய பதிவேட்டில் அந்த இடத்தின் பெயர் தரிசு அல்லது புறம்போக்கு. வரி வராத நிலத்தைக் குறிக்க எழுதிய அந்தச் சொற்கள், யாருக்கும் பயன்படாத நிலம் என்ற பொருளைப் பிற்காலத்தில் தாமே எடுத்துக்கொண்டு கணினிக்குள்ளும் ஏறிவிட்டன.

தண்ணீரின் கதை இன்னும் நுட்பமானது. சமதரை என்றேன். உண்மையில் அது சமதரையா? பெரிய கண்மாய் தொடங்கிச் சின்னக் கண்மாய், அதற்குக் கீழே ஊருணி என்று, ஒன்றின் கலுங்கு வழிந்து அடுத்ததன் வரத்துக்காலில் சேரும்படி, அங்குலக் கணக்கில் சரிவு பார்த்து நம்மவர்கள் அமைத்துவைத்த சீமை அது. விண்ணோடம் கொடுத்த உயரக் கணக்கிலோ பல மீட்டர் வரையில் பிழை வரக்கூடும். மீட்டர்க் கணக்கில் தடுமாறும் கருவி அங்குலச் சரிவை எப்படிக் காணும்? காணாது. ‘சரிவு பூஜ்யம், மிகத் தகுதி’ என்று எழுதிவிடும். அந்த எழுத்தை நம்பி மேடு தட்டி, வேலி போட்டு, சுற்றிலும் கரை எழுப்பினால், வேலிக்கு அப்பால் ஐந்து மைல் தள்ளி இருக்கும் ஒரு கண்மாய்க்குத் தண்ணீர் வராது. தண்ணீர் ஏன் வரவில்லை என்று அந்த ஊர்க்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கண்மாயின் கதையை நீர்ப்பாய்ச்சியைக் கேட்டால் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவார். எந்த வருஷம் எந்தப் பக்கம் வெள்ளம் போயிற்று என்பது வரையில் சொல்வார். அவரை யார் கேட்டார்கள்?

இது ஏதோ ஒரு மாவட்டத்தின் குறை என்று எண்ண வேண்டாம். நம் நாட்டில் எவ்வளவு காற்று மின்சாரம் கிடைக்கும் என்று கணக்கிட்டார்கள். 50 மீட்டர் உயரத்தில் சுமார் 49 ஆயிரம் மெகாவாட் என்றார்கள். 100 மீட்டரில் 3 லட்சத்து 2 ஆயிரம். 120 மீட்டரில் 6 லட்சத்து 95 ஆயிரம். உயரே போகப் போகக் காற்று வலுப்பது உண்மைதான். கணக்கு இப்படிப் பெருகியதற்கு அதோடு இன்னொரு காரணமும் உண்டு. எவ்வளவு நிலம் கிடைக்கும் என்ற அனுமானமும் மாறியது. 100 மீட்டர்க் கணக்கில், தகுதியுள்ள தரிசு நிலத்தில் நூற்றுக்கு 80 பங்கு, சாகுபடி நிலத்தில் 30 பங்கு, காட்டு நிலத்தில் 5 பங்கு என்று எடுத்துக்கொண்டார்கள். தரிசில் 80 பங்கு! ஒரு தேசத்தின் உத்தேசக் கணக்குக்கு அப்படி ஏதேனும் ஓர் எண்ணை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதைக் குற்றமென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த எண்ணோடு ஒரு கிராமத்துக்குள் நுழையும்போது, மேய்ச்சலுக்கும் விறகுக்கும் மிச்சம் 20 பங்குதான் என்று ஆகிவிடுகிறதே, அதை அந்தக் கிராமத்தாரிடம் சொல்லாமல் எப்படி இருப்பது?

ராஜஸ்தானத்து ஜைசல்மேரில் இதன் பலனைக் கண்கூடாகப் பார்த்தோம். ஓரண் என்று அங்கே தெய்வத்துக்கு விட்ட புல்வெளிகள் உண்டு. மரம் வெட்டமாட்டார்கள், ஆடு மாடு மேயும். ஏட்டில் அவற்றில் பல தரிசு. அங்கே மின்கம்பிகள் வந்தன. நம் தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் திரிந்து மறைந்துபோன கானமயில், உலகத்தில் மிச்சமிருக்கும் இருநூறுக்கும் குறைவான எண்ணிக்கையில் பெரும்பாலும் அந்தப் பாலைவனத்தில்தான் வாழ்கிறது. கனத்த பறவை, நேர் எதிரே இருப்பது அதன் கண்ணுக்குச் சரியாகப் புலப்படாது, கம்பியில் மோதிச் செத்தது. 2021-இல் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியதாயிற்று. பறவையின் தாளை முதலிலேயே வைத்திருந்தால் வழக்கு மன்றம் வரையில் போயிருக்குமா?

மன்னார்த் தீவையும் சொல்லவேண்டும். இலங்கையின் காற்று வரைபடத்தை அமெரிக்காவின் எரிசக்தி ஆய்வுக்கூடம் ஒன்று 2003-இல் வெளியிட்டபோதே, வடமேற்குக் கரையோரத்தின் காற்று மிகச் சிறந்தது என்று தெரிந்துவிட்டது. தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் எழுந்தன. மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் பறவைகளின் வழியும் அதுவே; பக்கத்து வங்காலைச் சரணாலயம் ராம்சார் உடன்பாட்டில் இடம்பெற்ற சதுப்பு நிலம். மழைக்காலத்தில் தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்குகிறது என்று அந்தத் தீவு மக்கள் முறையிட்டார்கள். தாழ்ந்த தட்டையான தீவு அல்லவா? மறுபடியும் அந்த அங்குலக் கணக்குதான்.

இந்தக் கதைகளையெல்லாம் சொல்வது காற்றாலைக்கு எதிராக உங்கள் மனத்தைத் திருப்புவதற்காக என்று யாரும் நினைக்கலாகாது. நல்ல இடம் வேண்டிய மட்டும் இருக்கிறது. வரைபடம் முழுமையாக இருந்தால் அந்த இடம் விரைவாகக் கிடைக்கும். வழக்கில்லாமல், பகையில்லாமல் கிடைக்கும்.

இப்போது நம் கண்முன் கடல் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கடலுக்குள் காற்றாலை அமைக்க 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. குஜராத்துக் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட். கடலுக்குரிய தாள்கள் பல ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. ஆழத்தின் தாள் உண்டு. காற்றின் தாள் உண்டு. கப்பல் வழியின் தாள் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கொண்ட தேசியப் பூங்காவின் எல்லை உண்டு. பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்காக 2022-இல் ஒதுக்கிய பகுதியின் எல்லையும் உண்டு.

இல்லாதது ஒன்றுதான். கடலடியில் பாறைத் திட்டுகளாகக் கிடக்கும் பார்கள் எங்கே, எந்த மாதத்தில் எந்தப் பாருக்கு எந்த மீன் வரும், எங்கே வலை விரிப்பார்கள், வாடைக் காற்றில் எந்த வழியாகக் கரை திரும்புவார்கள் என்று சொல்லும் தாள் இல்லை. கரையில் தெரியும் மலையையும் கோபுரத்தையும் ஒரே கோட்டில் நிறுத்திப் பார்த்து நடுக்கடலில் தம் இடம் அறிந்த பரம்பரையிடம் அந்த அறிவு இருக்கிறது. இன்று அவர்கள் படகிலும் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. பார்களின் இருப்பிடம் அதற்குள் எண்களாக இருக்கிறது. ஆனால் அந்த எண்ணை ஒரு படகுக்காரர் பக்கத்துப் படகுக்காரருக்கே சொல்லமாட்டார். அது அவருடைய சொத்து. அதிகாரி வந்து கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிடுவார் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

ஆகவே எனக்குத் தோன்றும் வழியைச் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரியிலிருந்து இராமேசுவரம் வரையில் ஒவ்வொரு கடற்கரை ஊரின் மீனவர் சங்கமும் தன் தாளைத் தானே தயாரிக்கட்டும். பாரின் சரியான புள்ளியை யாரும் காட்ட வேண்டியதில்லை; ஐந்து கிலோமீட்டர்க் கட்டம் போட்டு, இந்தக் கட்டத்தில் இத்தனை படகு, இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை என்று குறித்தால் போதும். இந்த மண்டபத்தில் இருக்கும் நிலவியல் மாணவர்கள் கட்டம் போட்டுக் கொடுக்கவும் எண்களைத் திரட்டவும் உடன் போகலாம். ஒரு காற்றுப் பருவமும் ஒரு வாடைப் பருவமும் அங்கே தங்கினால் வேலை முடிந்துவிடும். முடிந்த தாள் முதலில் அந்தச் சங்கத்தின் பெட்டிக்குள் இருக்கட்டும். கடலில் கோடு போட்டு ஒப்பந்தப் புள்ளி கோரும் நாளன்று, காற்றின் தாளுக்குப் பக்கத்தில் அதே மேஜையின்மேல், ஊர்ப் பெரியவர் ஒருவரின் கையால் அது வைக்கப்பட வேண்டும். அதற்கு எத்தனை மதிப்பெண் என்று முடிவு செய்யும்போது அவரும் அந்த மேஜையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.